நெஞ்சின் எழுத்தைப் படிக்கும் உரிமை

(நம் வட்டத்தின் அறிவியல் தமிழ் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கவிதையும் கதையும் பேசப்படும் அவையில் கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "ஏனுங்க, இலக்கிய வட்டத்துல இ.சி.ஜி. மெசினப் பத்திப் பேசறீங்களாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லித் தொடங்குகிறேன். உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுவதை ஆராய்ந்து, அதற்கெனத் தனி இயலையே வகுத்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியல் என்பது அதன் பெயர். நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை அவர் எண்ணிக் காட்டினார். நம் சித்த மருத்துவரோ மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வளி, அழல், ஐயம் என்று நாடியைப் படித்தார். உடல் ஓயாமல் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. இன்று அந்த எழுத்தை விரல் நகத்தளவுச் சில்லு ஒன்று படிக்கிறது. அது படித்ததை யார் படிக்கலாம் என்பதே என் உரையின் பொருள்.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. என் தாயார் கோபிசெட்டிப்பாளையத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்தவர். அறுபத்தெட்டாம் வயதில் அவருக்கு அவ்வப்போது நெஞ்சுப் படபடப்பு வந்தது. ஒரு மருத்துவமனையில் சிறு பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டி, நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே இருக்கச் சொன்னார்கள். ஒரு நாளில் மனித இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை துடிப்பும் பதிவாயின. எங்கள் கையில் கிடைத்தது இரண்டு வரி அறிக்கையும் ஒரு குறுந்தகடும்.

ஈராண்டு கழித்துப் படபடப்பு மிகுந்தது. கோவையில் வேறொரு மருத்துவரிடம் அழைத்து வந்தோம். அவர் நல்ல மனிதர். "பழைய பதிவு இருந்தால் கொடுங்கள். இந்தக் கோளாறு புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்" என்றார். குறுந்தகட்டை மகிழ்ச்சியோடு நீட்டினேன். அது திறக்கவில்லை. அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே அது திறக்குமாம். முதல் மருத்துவமனையோ அதற்குள் வேறு கருவிக்கு மாறியிருந்தது. பழைய மென்பொருள் அங்கும் இல்லை. மருத்துவர் பழையதைப் பாராமலே சிகிச்சையைத் தொடங்க வேண்டியதாயிற்று. அம்மா அதன்பின் ஐந்தாண்டு இருந்தார். ஆதலால் யார் மேலும் எனக்குச் சினமில்லை. ஆயினும் என் தாயின் நெஞ்சு ஒரு நாள் முழுதும் எழுதிய எழுத்து என் கையிலிருந்தும் எவராலும் படிக்க இயலவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்தே முடி நரைத்தவன் நான். அந்த உறுத்தல்தான் என்னை மீண்டும் மாணவனாக்கியது.

முதலில் சில்லின் கதையைச் சொல்கிறேன். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்னும் அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதய மின்வரைவுக் கருவியை உருவாக்கினார். காந்தத்தின் நடுவே மெல்லிய இழை ஒன்று அசையும்; அதன் நிழல் படமாகப் பதியும். அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைச் செய்யும் சில்லுகள் விரல் நகத்தளவே இருக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.எஸ். 1298 அவற்றுள் ஒன்று.

அது செய்யும் வேலை எளியதன்று. தோலின் மேல் கிடைக்கும் இதயக் குறிகை ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையின் குறிகையோ அதிலும் பன்மடங்கு சிறியது. நம்மைச் சூழ்ந்த சுவர்களிலோ 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை ஊசலாடுகிறது. நம் உடல் அதை வானலை வாங்கி போல வாங்கிக்கொள்கிறது. கோனியம்மன் தேர்த் திருவிழாக் கூட்டத்தில், மேளமும் ஒலிபெருக்கியும் முழங்கும்போது, தோளில் கிடக்கும் குழந்தை முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது இது. சில்லு இதற்கு ஓர் உத்தி வைத்திருக்கிறது. உடல் முழுதும் பொதுவாக ஏறியிருக்கும் இரைச்சலை அளந்து, அதைத் தலைகீழாக்கி, வலக்காலின் மின்வாய் வழியே உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. இரைச்சலை இரைச்சல் தின்கிறது. நெஞ்சைப் பார்க்கக் காலில் ஏன் கம்பி கட்டுகிறார்கள் என்று நம் பாட்டிமார் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

எஞ்சிய குறிகையைச் சில்லு 24 இலக்க இரும எண்ணாக மாற்றுகிறது. வழக்கமாக வைக்கும் பெருக்க அளவில், அது பிரித்தெண்ணும் மிகச் சிறிய படி ஒரு மைக்ரோவோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு. எட்டுத் தடங்களில், நொடிக்கு 500 முறை அளந்தால், நொடிக்கு 13,500 பைட்டுகள் எழுத்தாகக் கொட்டும்.

இந்த எண்களை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு கணினி வேண்டும். கணினிக்கு ஓர் இயக்குதளம் வேண்டும். அந்த இயக்குதளத்துக்குச் சில்லின் மொழி தெரிந்த ஒரு துபாசி வேண்டும். அந்தத் துபாசியைத்தான் பொறியாளர்கள் இயக்கி என்கிறார்கள். என் அம்மாவின் குறுந்தகடு தோற்றது இவ்விடத்தில்தான். அந்தத் துபாசியும், அவன் எழுதிவைத்த ஏட்டின் வடிவமும் ஒரே நிறுவனத்தின் பெட்டகத்தில் பூட்டப்பட்டிருந்தன. அவர்கள் கடையை மூடியதும் மொழியே இறந்துபோயிற்று.

இதற்கு மாற்றாக இருப்பது கட்டற்ற மென்பொருள். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ் கருவகத்தின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அந்தக் கருவகத்துக்குள் உணரிகளுக்கென ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் இண்டஸ்ட்ரியல் ஐ.ஓ., அதாவது தொழிலக உள்ளீடு வெளியீடு. அழுத்தம், வெப்பம், அசைவு ஆகியவற்றை அளக்கும் உணரிகளுக்குரிய இயக்கிகள் அங்கே இருக்கின்றன. அவற்றினிடையே உடல்நலம் என்னும் பெயரில் ஒரு சிறு அறையும் இருக்கிறது. விரல் நுனியில் ஒளி பாய்ச்சி நாடியையும் குருதியின் ஆக்சிஜனையும் அளக்க உதவும் மேக்ஸ் 30102, ஏ.எப்.இ. 4404 முதலிய சில்லுகளின் இயக்கிகள் அதில் உள்ளன. நான் சொன்ன ஏ.டி.எஸ். 1298 சில்லுக்கான இயக்கி 2024-இல் வெளிவந்த 6.9 பதிப்பில் சேர்ந்தது. எழுதியவர் நெதர்லாந்துப் பொறியாளர் ஒருவர். ஐந்தோவனின் நாட்டிலிருந்தே அது வந்தது என்பதை எண்ணி வியந்தேன்.

பம்பு செட்டின் அழுத்தத்தை அளக்கும் உணரிக்கும் மனித நெஞ்சை அளக்கும் சில்லுக்கும் ஒரே கூரை! கோவைக்காரனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறென்ன வேண்டும்? லினக்ஸில் கருவிகளெல்லாம் கோப்புகளாகவே தோன்றும். இயக்கி அமர்ந்ததும் சில்லின் ஒவ்வொரு தடமும் ஒரு கோப்பாக வந்து நிற்கும். பள்ளிப் பிள்ளை எழுதும் பத்து வரி நிரல் அதைத் திறந்து படித்துவிடும். 1992-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஈ.டி.எப். போன்ற திறந்த வடிவத்தில் சேமித்து வைத்தால், முப்பதாண்டு கழித்தும் வேறொரு மருத்துவர் வேறொரு கணினியில் படிக்கலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அதை மறைப்பது அறமாகாது. நொடிக்கு 500 முறை என்றால் இரண்டு மில்லிநொடிக்கு ஒருமுறை சில்லு "வந்து எடுத்துக்கொள்" என்று கூப்பிடும். பொதுக் கணினியின் இயக்குதளம் அவ்வேளையில் வேறு வேலையில் மூழ்கியிருந்தால் ஒரு மாதிரி தவறிப்போகும். தவறியதைக் காணாமல் வரைந்தால், இல்லாத நோய் கோட்டில் தோன்றக்கூடும். இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். செபிர் போன்ற சிறிய நிகழ்நேர இயக்குதளத்தை ஒரு குட்டிக் கணிப்பானில் அமர்த்தி, சில்லைக் கவனிக்கும் காவலனாக வைப்பது ஒன்று. அதுவும் கட்டற்றதே, 2016-இல் வெளிவந்தது. லினக்ஸையே காலம் தவறாதவனாகத் திருத்துவது மற்றொன்று. அத்திருத்தங்கள் ஏறத்தாழ இருபதாண்டு உழைப்புக்குப்பின் 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில் கருவகத்தோடு முழுமையாக ஒன்றின.

இவை எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டா. நமக்கு அண்மையில் பெங்களூரில் புரோட்டோசென்ட்ரல் என்னும் நிறுவனம் ஹெல்திபை என்னும் பலகையைச் செய்தது. இதயம், மூச்சு, ஆக்சிஜன், வெப்பம் நான்கையும் அளக்கும் அப்பலகையின் மூன்றாம் பதிப்பு, ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கைக் கணினியின்மேல் தொப்பி போல அமர்ந்து லினக்ஸோடு பேசியது. சுற்றுப்படமும் நிரலும் எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. தில்லியில் அப்சைடு டவுன் லேப்ஸ் என்னும் குழு, தசை, இதயம், கண், மூளை ஆகியவற்றின் குறிகைகளைப் பெருக்கித் தரும் சிறு பலகை ஒன்றைத் திறந்த வடிவமைப்பில் வெளியிட்டிருக்கிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007-இல் பாஸ் என்னும் லினக்ஸை வெளியிட்டது. அது தமிழிலும் இயங்கும். அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. சில்லும் இயக்கியும் இயக்குதளமும் ஏறத்தாழ நம் வாசல்வரை வந்துவிட்டன.

"மருத்துவமனையில் நல்ல கருவி இருக்கிறதே, நாம் ஏன் இதையெல்லாம் அறிய வேண்டும்?" என்று கேட்பீர்கள். கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020, 2021-இல் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கினோம். தொண்ணூற்று நான்கா, தொண்ணூறா என்னும் எண்ணை வைத்து மருத்துவமனைக்கு ஓடுவதா, வீட்டிலேயே இருப்பதா என்று முடிவு செய்தோம். அந்த எண்ணைச் சில்லு அளப்பதில்லை. சில்லு அளப்பது செவ்வொளியும் அகச்சிவப்பொளியும் எவ்வளவு வந்து சேர்ந்தன என்பதை மட்டுமே. அந்த விகிதத்தை விழுக்காடாக மாற்றுவது மென்பொருளில் இருக்கும் ஓர் அட்டவணை. தன்னார்வலர் சிலரின் குருதியை அளந்து அதைத் தயாரிக்கிறார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்க மிச்சிகன் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனிக் குருதியில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. ஏறத்தாழ மும்மடங்கு. தோலின் நிறம் அளவைப் பிழைபடச் செய்தது. காடுகழனியில் வெயிலில் காய்ந்த நம் மக்களின் விரலுக்கு அந்த அட்டவணை பொருந்துமா? அட்டவணை திறந்திருந்தால் நம் மருத்துவக் கல்லூரிகளே சோதித்துத் திருத்தலாம். பூட்டியிருந்தால் நம்புவது ஒன்றே நம் வேலை.

அமெரிக்க வழக்கறிஞர் கேரன் சாண்ட்லர் அவர்களின் நெஞ்சுக்குள் உயிர்காக்கும் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. தம் உடலுக்குள் ஓடும் நிரலைப் படிக்க வேண்டும் என்று அவர் கேட்டார், செய்தவர்கள் தரவில்லை. பின்னர் அவர் கருவுற்றிருந்தபோது எழுந்த இயல்பான படபடப்பைக் கருவி ஆபத்தெனத் தவறாகக் கணித்து, தேவையின்றி அதிர்ச்சி கொடுத்தது. கருவுற்ற பெண்ணைச் செய்தவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. தம் உடலுக்குள் இருப்பதை அறியும் உரிமைக்காக அவர் இன்றும் பேசிவருகிறார்.

இந்த உரிமையின் அருமை கொங்கு மண்ணுக்குத் தெரியும். நம் தொழில் வளம் எப்படி வந்தது? ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் 1937-இல் இங்கே மின்மோட்டார் செய்தது கோவைத் தொழில் வரலாற்றின் பெருமைமிக்க ஏடு. அயல்நாட்டு இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்ற மரபு இது. இன்றும் ஆவாரம்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரரிடம், "இதன் உட்புறம் நிறுவனத்தின் இரகசியம், திறக்கலாகாது" என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். எரிந்த காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, மாலைக்குள் கட்டித் தந்துவிடுவார். தோட்டத்தில் பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது தயாரிப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்க இயலுமா? பம்புக்கு நாம் விட்டுக்கொடுக்காத உரிமையை நெஞ்சுக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் இணைத்த பலகை மருத்துவக் கருவி ஆகாது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. அது வேண்டிய கட்டுப்பாடே. மாணவர்கள் கற்பதற்காகச் செய்யும்போதும் மின்கலத்திலேயே இயக்க வேண்டும். கம்பி உடலில் ஒட்டியிருக்கையில் மடிக்கணினியின் சார்ஜர் சுவரில் இருக்கக் கூடாது. திரையில் கோணலான கோட்டைக் கண்டு அஞ்சவும் வேண்டா. நேரான கோட்டைக் கண்டு மருத்துவரைத் தவிர்க்கவும் வேண்டா. மருத்துவரின் இடத்தை நான் கேட்கவில்லை. அவர்க்கும் எனக்கும் நடுவே நிற்கும் பூட்டை எடுங்கள் என்றே கேட்கிறேன்.

நிறைவாக, இலக்கிய வட்டத்துக்கு இதில் என்ன பங்கு என்னும் கேள்விக்கு வருகிறேன். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தோன்றியது. அதன் முதல்வராக விளங்கிய ஜி.ஆர். தாமோதரன் அவர்கள் பொறியியல் கற்பித்ததோடு நிற்கவில்லை. 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் திங்களிதழை இந்தக் கோவையிலிருந்து தமிழில் நடத்தினார். இயந்திரத்தைத் திறப்பது பாதி. அதைத் தன் மொழியில் விளங்கவைப்பதே மறுபாதி என்று அவர் அறிந்திருந்தார். மூலநிரல் திறந்திருக்கிறது, சுற்றுப்படம் திறந்திருக்கிறது. ஆனால் விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அந்தியூரிலோ காங்கயத்திலோ தமிழ்வழியில் பயின்ற பிள்ளைக்கு அதுவும் ஒரு பூட்டுத்தான். அந்தப் பூட்டுக்குரிய சாவி பொறியாளரிடம் மட்டும் இல்லை. சொல்லறிந்த உங்களிடமும் இருக்கிறது.

ஆகவே பத்தாண்டு நிறைவில் இவ்வட்டத்தின்முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். உடற்குறிகைச் சில்லுகளைக் கட்டற்ற இயக்குதளத்தோடு இணைக்கும் முறையை, மின்வாய் ஒட்டுவது முதல் கோப்பில் சேமிப்பது வரை, ஒரு சிறு தமிழ்க் கையேடாக எழுதுவோம். தொழில்நுட்பத்தை நான் எழுதித் தருகிறேன். தமிழைத் திருத்தித் தர வட்டத்தின் புலவர்கள் முன்வர வேண்டும். அதுவரை ஒவ்வொருவரும் ஒன்று செய்யலாம். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தால் அறிக்கையோடு பதிவையும், எங்கும் திறக்கும் வடிவில், கேட்டு வாங்குங்கள்.

என் தாயாரின் குறுந்தகட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எடுத்து, அதிலுள்ள எண்களை வரிசை வரிசையாகப் பிரித்து, எங்கே தலைப்பு, எங்கே தடம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு வரிசை, வரைந்து பார்த்தபோது, சீரான இடைவெளியில் மேலெழுந்து தணிந்தது. அது அம்மாவின் துடிப்புத்தானா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் இயலவில்லை. ஆனால் தேடலை விடப்போவதில்லை.